சூட்டினால் வந்த கட்டிக்குச் சூடா?



பிள்ளை காலையில் எழும்புகிறது. ஒரு கண் பாதிதான் திறக்கிறது. இமை கனத்துச் சிவந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு கட்டி உருள்கிறது. வீட்டிலுள்ள எல்லோரும் கூடிவிடுகிறார்கள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். பாடசாலைக்கு அனுப்புவதா, டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போவதா என்று தெரியாமல் தாய் திகைத்து நிற்கிறாள்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார்: "ஆறு வயது மகனுக்குக் கண்கட்டி. டொக்டர் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மாமியோ, 'உடம்புச் சூட்டினால் வந்த கட்டிக்கு இன்னும் சூடு வைப்பதா?' என்று தடுக்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?"

கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொரு சகோதரி: "நாலு வயது மகளின் மேல் இமையில் கடலை அளவில் ஒரு கட்டி. மூன்று மாதமாகிறது. வலி இல்லை. ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து அலுத்துவிட்டது. இப்போது ஒப்பரேஷன் என்கிறார்கள். மயக்க மருந்து என்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. வலியில்லாத கட்டிதானே, விட்டுவிட்டால் என்ன?"

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதில் ஒரு பிள்ளையின் பார்வையே அடங்கியிருக்கிறது. ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம்.

கட்டி எங்கிருந்து வருகிறது?

நம் இமைகளின் ஓரத்தில், முடிகளுக்குச் சற்று உட்புறமாக, ஊசி முனையளவு துவாரங்கள் வரிசையாக இருக்கின்றன. அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். மேல் இமையில் சுமார் 30 முதல் 40 வரையும், கீழ் இமையில் 20 முதல் 30 வரையும் இத்தகைய சுரப்பிகள் உண்டு. ஜேர்மனி நாட்டு மருத்துவர் ஹைன்ரிக் மைபோம் 1666இல் இவற்றை விவரித்து எழுதியதால் மைபோமியன் சுரப்பிகள் என்று பெயர் வந்தது.

நாம் கண் சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இச்சுரப்பிகள் துளியிலும் துளியாக எண்ணெயைக் கசியவிடுகின்றன. அந்த எண்ணெய் கண்ணீரின் மேல் மெல்லிய ஆடை போலப் படர்ந்து, கண் காய்ந்து போகாமல் காக்கிறது. இறைவனின் படைப்பில் எத்தனை நுட்பம் பாருங்கள்!

இந்தத் துவாரம் அடைபட்டால் இரண்டு விதமான தொல்லை வரலாம்.

முதலாவது, கிருமி புகுந்து சீழ் பிடிப்பது. முடியின் வேரிலுள்ள சிறு சுரப்பியிலோ, உள்ளே இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியிலோ இது வரும். நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்டபிலோகொக்கஸ் என்ற கிருமிதான் பெரும்பாலும் காரணம். சிவக்கும், வலிக்கும், இரண்டொரு நாளில் மஞ்சள் முனை காணும். இதுதான் நாம் கண்கட்டி என்று சொல்வது.

இரண்டாவது, கிருமி இல்லாமலே எண்ணெய் தேங்கிக் கட்டியாவது. வெளியே போக வழியில்லாத எண்ணெய் சுற்றியுள்ள தசைக்குள் கசிகிறது. உடல் அதை அந்நியப் பொருளாக நினைத்துச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. மெல்ல மெல்லக் கடலை போல ஒரு கெட்டி உருண்டை உருவாகும். வலி இருக்காது, அல்லது ஆரம்பத்தில் மட்டும் சிறிது இருக்கும். இதை டொக்டர்மார் கலேசியன் என்பார்கள். நாம் எண்ணெய்க்கட்டி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இரண்டையும் பழைய வைத்தியர்களும் பிரித்தே அறிந்திருந்தார்கள். அரபு மருத்துவத்தில் சீழ்க் கட்டிக்கு 'ஷஈரா' என்று பெயர். வாற்கோதுமை மணி என்று பொருள். எண்ணெய்க்கட்டிக்கு 'பரதா', அதாவது ஆலங்கட்டி. லத்தீனிலும் முதலாவதன் பெயர் வாற்கோதுமையைத்தான் குறிக்கிறது. கிரேக்கச் சொல்லான கலேசியன் என்பதற்கும் சிறு ஆலங்கட்டி என்றே பொருள். சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா, 'தத்கிரதுல் கஹ்ஹாலீன்' என்ற நூலில் கண் நோய்களை இடவாரியாக வகுத்து எழுதினார். இமை நோய்களுக்கும் அதில் தனி இடமுண்டு. பல நூற்றாண்டுகள் அது கண் மருத்துவர்களின் பாட நூலாக விளங்கியது.

மாமி சொல்லும் சூடும், டொக்டர் சொல்லும் சூடும்

இனி வெள்ளவத்தைச் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

மாமி சொல்வது உடம்புச் சூடு. வெயிலில் திரிந்தால், மாம்பழம், அன்னாசி, கோழியிறைச்சி கூடினால் உடம்பில் சூடு ஏறிக் கட்டி வரும் என்பது நம் பரம்பரை நம்பிக்கை. அந்தக் கணக்குப்படி இளநீரும் தயிரும்தான் மருந்து, சுடுதண்ணி பகை. ஆனால் கண்கட்டி எந்தச் சாப்பாட்டாலும் வருவதாகத் தெளிவான ஆதாரம் இல்லை. இளநீர் கொடுங்கள், பிள்ளைக்கு நல்லதுதான். கட்டிக்குப் பயந்து முட்டையையும் பழத்தையும் நிறுத்தாதீர்கள்.

டொக்டர் சொல்லும் சூடு வேறு. அதற்கு நம் குசினியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. கொழும்பில் தேங்காயெண்ணெய் எப்போதும் தண்ணீர் போல இருக்கும். அதே போத்தலைக் குளிர்காலத்தில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோனால் வெள்ளையாக உறைந்துவிடும். ஏனெனில் தேங்காயெண்ணெய் சுமார் 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே கட்டியாகிறது. அப்போது என்ன செய்வோம்? கத்தியால் குத்துவோமா? போத்தலை இளஞ்சூடான தண்ணீரில் வைப்போம். தானே உருகி வரும்.

இமைச் சுரப்பியின் எண்ணெயும் அப்படித்தான். நல்ல நிலையில் உடல் வெப்பத்திலேயே இளகியிருக்கும். அடைபட்டுத் தேங்கிய எண்ணெய் தடித்துவிடுகிறது. அதை உருக்க உடல் வெப்பத்தை விடச் சற்றுக் கூடிய சூடு, சுமார் 40 பாகை, இமைக்குள் போய்ச் சேர வேண்டும். சூடு பட்டால் அந்த இடத்தில் இரத்த ஓட்டமும் கூடுகிறது. சீழ்க் கட்டியென்றால் பழுத்து உடைந்து வடிய அது வழி செய்கிறது.

இது புதிய வைத்தியமுமல்ல. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ், இமைக் கட்டிக்குச் சூடான ரொட்டியாலோ மெழுகாலோ ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். சூடு மிஞ்சக் கூடாது, இமை எளிதில் தாங்கும் அளவே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னார். இந்த இரண்டாவது பேச்சைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

ஒத்தடத்தால் எல்லாக் கட்டியும் கரையுமா? கரையாது. 2007இல் பிரித்தானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், எண்ணெய்க்கட்டிக்கு ஒத்தடம் மட்டும் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குக் கட்டி மறைந்தது. கட்டிக்குள் ஸ்டெரொயிட் ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கும், கீறி எடுத்தவர்களில் 87 பேருக்கும் குணமானது. சீழ்க் கட்டியின் உள்வகைக்கு எந்த வீட்டு வைத்தியம் பலன் தரும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் கொக்ரேன் குழு 2017இல் தேடியபோது, முறையாகச் செய்த ஒரு பரிசோதனை கூட அகப்படவில்லை. ஆனாலும் சீழ்க் கட்டிகளில் பெரும்பாலானவை ஒரு வாரம், பத்து நாளில் தாமாகவே ஆறிவிடுகின்றன. ஒத்தடம் நோவைக் குறைக்கிறது. முறையாகக் கொடுத்தால் தீங்கில்லை, செலவில்லை. அதனால்தான் டொக்டர்மார் முதலில் அதைச் சொல்கிறார்கள்.

ஒத்தடம் கொடுக்கும் முறை

பலர் ஒத்தடம் கொடுத்தும் பலனில்லை என்பதற்குக் காரணம், துணியை நனைத்து ஒரு நிமிடம் வைத்து எடுத்துவிடுவதுதான். ஈரத் துணி இரண்டு நிமிடத்தில் ஆறிப்போகும். அதற்குள் சூடு இமையின் உட்புறம் போய்ச் சேர்வதில்லை. ஆகவே இப்படிச் செய்யுங்கள்.

முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளையின் கையையும் கழுவிவிடுங்கள்.

துவைத்துக் காய்ந்த மெல்லிய பருத்தித் துணி இரண்டு எடுங்கள். வாப்பாவின் பழைய லேஞ்சி போதும். ஒன்று கண்ணில் இருக்கும்போது மற்றது தண்ணீரில் இருக்கட்டும்.

கொதித்தாறிய தண்ணீரில் பிளாஸ்கிலுள்ள சுடுதண்ணியைச் சிறிது சிறிதாகக் கலந்து, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீரை விடச் சற்றுச் சூடாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்கையும் கேத்தலையும் பிள்ளையின் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டுத்தான் பிள்ளையை மடியில் எடுக்க வேண்டும். ஒத்தடம் கொடுக்கப்போய்ப் பிள்ளை மேல் சுடுதண்ணி கொட்டிய கதை நம் வீடுகளில் நடக்கக் கூடாது.

துணியை நன்றாகப் பிழிந்து, முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வையுங்கள். பிறகு உங்கள் சொந்த மூடிய இமையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுகமாக இருந்தால் பிள்ளைக்கு வைக்கலாம். உங்கள் விரல் நுனியை நம்பாதீர்கள். அடுப்படியில் வேலை செய்து பழகிய விரலுக்குச் சூடு சரியாகத் தெரியாது.

பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள, துணியை இமை மேல் மெல்ல வையுங்கள். அழுத்த வேண்டாம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியை மாற்றுங்கள். மொத்தம் ஐந்து முதல் பத்து நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை. சுபஹுக்குப் பின் ஒன்று, பாடசாலை விட்டு வந்ததும் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று, தூங்கும் முன் ஒன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

எண்ணெய்க்கட்டியென்றால் ஒத்தடம் முடிந்த உடனே, சூடு இருக்கும்போதே, சுத்தமான விரலால் மெல்லத் தடவிவிடலாம். மேல் இமையில் மேலிருந்து கீழாக, கீழ் இமையில் கீழிருந்து மேலாக, எப்போதும் முடியை நோக்கி. எண்ணெய் வெளியேறும் திசை அதுதான். சிவந்து வலிக்கும் சீழ்க் கட்டியைத் தடவ வேண்டாம். எந்தக் கட்டியையும் பிதுக்கவே கூடாது. பிதுக்கினால் சீழ் வெளியே வராமல் உள்ளே பரவலாம்.

சின்னப் பிள்ளைகள் பத்து நிமிடம் கண்ணை மூடி இருக்க மாட்டார்கள். கட்டிப் பிடித்து அழ அழ வைப்பதால் பயனில்லை. இங்கேதான் மூத்தம்மாவின் உதவி வேண்டும். ஒத்தடத் துணியை மாமியின் கையிலேயே கொடுத்து, ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். கதை முடியும்போது ஒத்தடமும் முடிந்திருக்கும். வேண்டாம் என்று தடுத்தவரே, 'இப்போது கொஞ்சம் வற்றியிருக்கிறதே' என்று சொல்லும் நாளும் வரும்.

சூட்டிலும் ஆபத்தான சூடு

உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான். அதிலும் பிள்ளையின் இமை இன்னும் மெல்லியது. 60 பாகைச் சூடுள்ள தண்ணீர் சில நொடிகளிலேயே பிள்ளையின் தோலைப் புண்ணாக்கிவிடும். ஆகவே பின்வருவனவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

அவித்த முட்டையையும் உருளைக்கிழங்கையும் துணியில் சுற்றி ஒற்றுவது. முட்டை வெளியே ஆறியது போல இருக்கும், உள்ளே சூடு நெடுநேரம் நிற்கும். மைக்ரோவேவில் சூடாக்கிய முட்டை முகத்துக்கு நேரே வெடித்துக் கண்ணையே காயப்படுத்திய சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

ஈரத் துணியை மைக்ரோவேவில் சூடாக்குவது. ஓரிடம் இளஞ்சூடாகவும் இன்னோரிடம் கொதிசூடாகவும் இருக்கும்.

கொதிக்கும் கேத்தலின் ஆவியில் முகத்தைக் காட்டுவது. ஆவி பிடிக்கப்போய் வெந்துபோன பிள்ளைகள் பலர்.

சூடாக்கிய கரண்டி, ஸ்திரிக்கைப் பெட்டியில் காட்டிய துணி. இவை எவ்வளவு சூடு என்று அளக்கவே முடியாது.

சிலர் சுத்தமான துணிப் பையில் அரிசி போட்டுச் சூடாக்கி வைப்பார்கள். ஈரத் துணியை விடச் சூடு கூடுதல் நேரம் நிற்கும். பெரிய பிள்ளைகளுக்கு வைக்கலாம். ஆனால் பையைக் குலுக்கி, சூடு சமமாகப் பரவ விட்டு, உங்கள் இமையில் சோதித்த பிறகே வைக்க வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வேண்டாம்.

மின்சாரத்தில் சூடாகும் கண் மூடிகளும் இப்போது கிடைக்கின்றன. வெளிநாடுகளில் இமையின் உட்புறத்தைச் சுமார் 42 பாகைக்குச் சூடாக்கி அழுத்தும் கருவி ஒன்று 2011 முதல் பாவனையில் உண்டு. ஒளிக்கதிரால் சூடேற்றும் முறையும் உண்டு. இவை முக்கியமாகப் பெரியவர்களின் சுரப்பி அடைப்புக்கும் காய்ந்த கண்ணுக்கும் ஆனவை. ஒளிக்கதிர் முறை கறுத்த மேனியைச் சுட்டுத் தழும்பாக்கக்கூடும். பிள்ளையின் ஒற்றைக் கட்டிக்கு இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.

சூடல்லாத மற்ற வைத்தியங்கள்

தங்க மோதிரத்தை உள்ளங்கையில் தேய்த்து வைப்பது: அந்தச் சூடு ஒரு நொடி கூட நிற்காது. மோதிரத்திலுள்ள அழுக்குத்தான் கண்ணுக்குப் போகும்.

கராம்பை உரைத்துப் பூசுவது: கராம்பு எண்ணெய் கடுமையானது. கருவிழியில் பட்டால் புண்ணாகும்.

தாய்ப்பால் விடுவது: தாய்ப்பால் குழந்தைக்கு உணவு. கட்டிக்கு மருந்தல்ல. சீழுள்ள இடத்தில் கிருமிக்கும் அது உணவாகலாம்.

சுர்மா இடுவது: இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். சுர்மா என்று விற்கப்படும் பல பொருட்களில் இருப்பது ஈயக் கந்தகம் என்று பல நாடுகளிலும் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. கண்ணைக் கசக்கிய விரலை வாயில் வைக்கும் பிள்ளைக்கு அது நேரே வயிற்றுக்குள் போகிறது. சுன்னத்தான இஸ்மிதின் பெயரால் கடையில் கிடைக்கும் பெயர் தெரியாத பொடியைப் பிள்ளையின் கண்ணுக்கு இடாதீர்கள். கட்டி இருக்கும்போது எந்த மையும் வேண்டாம்.

பாமஸியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து: கண் சிவப்பு உடனே மாற வேண்டும் என்று கேட்டால் ஸ்டெரொயிட் கலந்த சொட்டு கைக்கு வந்துவிடலாம். அது கண்ணின் உள் அழுத்தத்தைக் கூட்டும். நாளடைவில் பார்வை நரம்பைக் கெடுக்கும், கண்புரையையும் வரவழைக்கும். அண்ணனுக்குக் கொடுத்த மருந்தைத் தம்பிக்கு விடுவதும் கூடாது.

எல்லாக் கட்டியும் கண்கட்டி அல்ல

சூட்டுக்குக் கட்டுப்படாத கட்டிகளும் உண்டு. அவற்றுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருப்பது நாளைக் கடத்துவதே.

மூக்கை ஒட்டிய உள் மூலையில் கட்டி என்றால் அது கண்ணீர்ப் பையின் நோயாக இருக்கலாம். பிறந்து சில நாளேயான குழந்தைக்கு அங்கே நீலம் பாரித்த வீக்கம் இருந்தால் அன்றே காட்ட வேண்டும். புருவத்தின் வெளி முனையில் பிறந்தது முதல் உருண்டையாக இருப்பது வேறு வகைக் கட்டி. நடுவில் குழி விழுந்த முத்துப் போன்ற சிறு கொப்புளங்கள் வைரஸால் வருபவை. குழந்தையின் இமையில் நாளுக்கு நாள் பெருக்கும் செந்நிறத் தழும்பு இரத்தக் குழாய்க் கட்டியாக இருக்கலாம். இரண்டு கண்ணும் வீங்கி அரித்தால் அது ஒவ்வாமை. அதற்குக் குளிர்ந்த துணிதான் சுகம் தரும்.

உடனே ஓட வேண்டிய நேரம்

சில அறிகுறிகள் கண்டால் மறுநாள் பார்ப்போம் என்றிருக்கக் கூடாது. இமை முழுவதும் சிவந்து வீங்கி, கண்ணைத் திறக்க முடியாமை. காய்ச்சல். பிள்ளை சோர்ந்து கிடத்தல். கண் விழி அசையும்போது வலி. விழி முன்னே தள்ளியிருப்பது போலத் தோன்றுதல். பார்வை மங்குதல், இரண்டாகத் தெரிதல். கிருமி இமையைத் தாண்டிக் கண்குழிக்குள் பரவினால் இப்படி ஆகும். அது பார்வையையும் உயிரையும்கூடப் பறிக்கக்கூடியது. இரவானாலும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் ஒத்தடம் கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

வலியில்லாத கட்டியை விட்டுவிட்டால் என்ன?

கொட்டாஞ்சேனைச் சகோதரியே, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பெரியவர் ஒருவருக்கு வலியில்லாத எண்ணெய்க்கட்டி இருந்தால் மாதக்கணக்கில் பொறுத்திருக்கலாம். பெரும்பாலும் அழகுக் குறைவைத் தவிர வேறு நட்டமில்லை. நாலு வயதுப் பிள்ளையின் கணக்கு வேறு. கண் வேறு, பார்வை வேறு. பிறக்கும்போது பிள்ளைக்குக் கண் இருக்கிறது. பார்க்கக் கற்றுக்கொள்வது மூளை. ஏறத்தாழ ஏழு, எட்டு வயது வரை இந்தப் பாடம் நடக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான படம் கிடைக்காவிட்டால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணை மட்டும் பாவிக்கப் பழகிவிடும். இதற்குச் சோம்பல் கண் என்று பெயர். வயது கடந்தபின் கண்ணாடி போட்டாலும் அந்தப் பார்வையை முழுமையாக மீட்பது கடினம்.

மேல் இமைக் கட்டி இதை இரண்டு வழியில் செய்யலாம். பாரத்தால் இமை தாழ்ந்து கண்மணியை மறைக்கலாம். அல்லது கருவிழியை அழுத்தி அதன் வளைவைக் கோணலாக்கி, படத்தை மங்கலாக்கலாம். இரண்டுமே வலிக்காது. பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது. ஒரு கண்ணால் நன்றாகத் தெரிவதால் ஓடி விளையாடும். தாய்க்கும் சந்தேகம் வராது.

வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிள்ளை ஏதாவது படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டியுள்ள கண்ணை உங்கள் கையால் மறையுங்கள். பேசாமல் பார்க்கும். பிறகு நல்ல கண்ணை மறையுங்கள். கையைத் தட்டிவிட்டால், சிணுங்கினால், தலையைத் திருப்பினால், கட்டியுள்ள கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகிக்க வேண்டும். சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கண் டொக்டரிடம் பார்வையைச் சோதிப்பது அவசியம்.

நாலு முதல் ஆறு வாரம் முறையாக ஒத்தடம் கொடுத்தும் கட்டி குறையாவிட்டால் கண் டொக்டரிடம் காட்ட வேண்டும் என்பதே பொது விதி. இமை தாழ்ந்திருந்தால் அவ்வளவு காலமும் காத்திருக்கக் கூடாது.

ஒப்பரேஷன் பற்றி. இமையை மெல்ல வெளிப்புறமாகப் புரட்டி, உட்புறத்தில் சிறிதாகக் கீறி, உறைந்ததைச் சுரண்டி எடுப்பார்கள். சில நிமிட வேலை. கீறல் உள்ளே இருப்பதால் பெரும்பாலும் வெளியில் தழும்பு தெரியாது. பெரியவர்களுக்கு இமையில் மட்டும் விறைப்பூசி போடுவார்கள். சின்னப் பிள்ளை அசையாமல் இருக்காது, அசைந்தால் விழிக்கு ஆபத்து. அதனால்தான் முழு மயக்கம். உங்கள் பயம் நியாயமானது. மயக்க மருந்து கொடுப்பவரிடம் உங்கள் சந்தேகங்களைக் கேளுங்கள். பிள்ளைக்கு இழுப்பு இருந்தால், சளி காய்ச்சல் இருந்தால், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். எத்தனை மணிக்குப் பிறகு உண்ணக் கூடாது, குடிக்கக் கூடாது என்று சொல்கிறார்களோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள். பசிக்கிறது என்று அழுதாலும் இரக்கப்பட்டு ஒரு பிஸ்கட் கூடக் கொடுக்காதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து.

ஒரு சில நிமிடப் பயத்தையும், வாழ்நாள் பூராவும் ஒரு கண் மங்கிப்போவதையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

எங்கே போவது?

கொழும்பில் இருக்கும் நமக்கு இந்த விடயத்தில் குறை இல்லை. லிப்டன் சுற்றுவட்டத்தருகே தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. 1906இல் விக்டோரியா ஞாபகார்த்த கண் வைத்தியசாலையாகத் தொடங்கியதன் வழி வந்தது அது. பழைய கட்டடத்தின் வளைவுகளும் கோபுரங்களும் அந்த வழியாகப் போகும் எல்லோருக்கும் பழக்கமானவை. பொரளையில் சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வெள்ளவத்தைப் பக்கத்தாருக்குக் களுபோவில போதனா வைத்தியசாலையும் கிட்ட. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சை இலவசம். கூட்டமாக இருக்கும், காத்திருக்க வேண்டும். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது பிள்ளையின் கிளினிக் கொப்பியையும், இதுவரை பாவித்த மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள். கட்டி எப்போது தொடங்கியது, எத்தனை நாள் ஒத்தடம் கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டால் டொக்டருக்கும் வசதி.

திரும்பத் திரும்ப வந்தால்

சில பிள்ளைகளுக்கு ஒரு கட்டி ஆறுமுன் இன்னொன்று வரும். இமை ஓரத்தில் பொடுகு போலச் செதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டி இல்லாத நாளிலும் இமையைச் சுத்தம் செய்ய வேண்டும். கொதித்தாறிய வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டொரு துளி குழந்தை ஷாம்பூ கலந்து, சுத்தமான பஞ்சில் தோய்த்து, மூடிய கண்ணின் இமை ஓரத்தைத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. பிள்ளைக்குத் தனித் துவாய், தனித் தலையணை உறை. நகத்தை வெட்டிவிடுங்கள். கண்ணைக் கசக்கும் பழக்கத்தை அன்பாகச் சொல்லித் திருத்துங்கள். அப்படியும் தொடர்ந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள். தோலின் வேறு நோய் ஏதும் காரணமா என்று பார்ப்பார்.

இன்னுமொன்று. கண்கட்டி வந்தால், பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டான் என்று கேலி பேசும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பெரியவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பிள்ளை அதை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கட்டி வந்தால் மறைக்கப் பார்க்கும். கட்டி வருவது சுரப்பி அடைப்பினால். பிள்ளையின் குணத்தினால் அல்ல. வகுப்பில் யாரும் கேலி செய்தால் சொல்வதற்கு அந்த ஒரு வரியைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து அனுப்புங்கள். கண்கட்டியுள்ள பிள்ளை காய்ச்சல் இல்லாவிட்டால் தாராளமாகப் பாடசாலைக்குப் போகலாம்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகள் தூங்கும் முன் ஒவ்வொருவரின் முகத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். இரண்டு இமையும் ஒரே மட்டத்தில் திறக்கிறதா, ஏதேனும் ஒன்று தாழ்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அதற்கு ஒரு நிமிடமே போதும்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம்.